குழாய்க்குள் சிக்கிய உடும்பு

செம்மணலில் குப்புறப் படுத்திருக்கிறேன். வெயில் முதுகைச் சுடுகிறது. கையிலிருக்கும் கறுப்புக் குடையோ எனக்கில்லை, மடிக்கணினித் திரைக்கு. ஆனி மாதக் காற்று தேரி எனப்படும் செம்மணல் மேட்டிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து விசைப்பலகையின் இடுக்குகளில் நிரப்புகிறது. வாயை மூடியே வைத்திருந்தும் பல்லுக்கிடையில் நறநறவென்கிறது.

உவரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடலோரக் கிராமத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுபோகும் எட்டு அங்குல இரும்புக் குழாய் அது. அதன் உட்புறம் திரையில் தெரிகிறது. நாங்கள் செய்த ரோபோ உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் துருவும் வண்டலும் வட்ட வட்டமாக வந்து விலகுகின்றன. மூன்று நாளாக இதே காட்சி. எனக்குக் கொட்டாவி வந்தது.

திடீரென்று எதிரே ஒரு சுவர்.

வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. ஆனால் குழாயின் மேற்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கி, வழியில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு நின்றது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் இடைவெளி.

பக்கத்தில் உட்கார்ந்து கேபிளை விட்டுக்கொண்டிருந்த காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், இதுக்கு மேல போவண்டாம். பைய பின்னால எடுங்க.”

கேட்டிருக்கலாம். ஆனால் அது மண்ணா, வேரா, இரும்பா என்று தெரியாமல் எப்படித் திரும்புவது? இன்னும் ஒரே ஒரு சாண் என்று சொல்லிவிட்டு விசையை முன்னால் தள்ளினேன். ரோபோ அந்த இடுக்குக்குள் தலையை நுழைத்தது. இரும்புதான். நன்றாகவே தெரிந்தது. சந்தோஷமாகப் பின்னால் எடுத்தேன்.

வரவில்லை.

சித்தப்பா வீட்டு அடுப்படி

இந்தத் தொடரில் நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பல வருடம் இயந்திரவியல் பாடம் நடத்தினேன். ஒரே கரும்பலகையில் ஒரே படத்தை வருடா வருடம் வரைந்து அலுத்துப்போய் வேலையை விட்டேன். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, குழாய்களுக்குள் போய்ப் பார்த்துவரும் ரோபோக்களைச் செய்ய ஆரம்பித்தேன். ‘ரோபோக்கள்’ என்று பன்மையில் சொல்வது ஒரு கௌரவத்துக்காக. அப்போது எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று.

இந்தத் தொழிலைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவது ரோபோ செய்வதைவிடக் கடினம். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சித்தப்பா என்னை உட்காரவைத்து, இப்போது என்ன செய்கிறாய் என்று அக்கறையாகக் கேட்டார். நானும் கேமரா, விளக்கு, சக்கரம், கேபிள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“இந்தக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. நீ பாத்துட்டேன்னா வெளியாள் கூப்பிட வேண்டாம் பாரு.”

பட்டுச்சேலையோடு வாஷர் மாற்றிக் கொடுத்தேன். வேலை என்னவோ அஞ்சு நிமிடம்தான். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் கைப்பையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும்.

பாய் சொல்ல மறுத்த பெயர்

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்களோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். என் கொட்டகைக்கு ஏதோ வெல்டிங் வேலைக்காக வந்தார்.

அன்றைக்கு எங்கள் முதல் மாதிரியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு வயராகச் சோதித்து அலுத்துப்போனேன். பாய் குனிந்து மறுமுனை வழியாகப் பார்த்தார். உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது. அதை அவர் பேசியே வெளியே வரவைத்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வந்துவிட்டார்.

எண்ணெய்க் குழாய்களில் ரோபோ ஊர்ந்து போவதில்லையாம். கனமான ஓர் உருளையை உள்ளே விட்டால், எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டு, பழுதையும் பார்த்துக்கொண்டு அது அடுத்த ஊரில் வெளியே வரும். உலகம் முழுக்க அந்த உருளைக்குச் சேற்றில் புரளும் ஒரு மிருகத்தின் பெயர்தான் உண்டு. பாய் மட்டும் அதை ‘அந்தச் சாமான்’ என்பார்.

“அங்கன அதுக்கு ஒரு பேரு இருக்கு டீச்சர். இருவது வருசமா அதுகூட வேல பாத்தேன், ஒரு நாளும் அந்தப் பேர சொன்னதில்ல. நீங்களும் நம்ம கொட்டாயில சொல்லாதீங்க.”

எனக்குப் பெயர் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நம்முடையதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் ‘உடும்பு’ என்றார். பொருத்தமான பெயர். கீழே இரண்டு பட்டைச் சக்கரங்கள். முதுகில் ஸ்பிரிங் வைத்த ஒரு கை. கையின் நுனியில் உள்ள உருளி குழாயின் கூரையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். வழுக்கும் வண்டலிலும் ஏற்றத்திலும் பிடி விடாது.

அந்தக் கையைப் பற்றித்தான் எங்களுக்குள் ஒரே ஒரு தகராறு. வேண்டும்போது அதை மடக்கிக்கொள்ள ஒரு குட்டி மோட்டார் வைக்க வேண்டும் என்றார் பாய். நான் மறுத்தேன். இன்னொரு மோட்டார் என்றால் இன்னொரு வயர், தண்ணீர் புக இன்னொரு ஓட்டை. ஸ்பிரிங் தானாக மடங்கும், தானாக நிமிரும், அது போதும் என்று சாக்பீஸால் தரையில் படம் போட்டு விளக்கினேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பாடம் நடத்தியவர்களுக்கு உள்ள வியாதி இது. எதிரே இருப்பவர் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிடுவோம்.

மிக்கேலின் சாவி

அந்தக் கடலோர ஊரின் தண்ணீர்த் தொட்டி பல மாதங்களாக நிறையவில்லை. பெரிய குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தில் அழுத்தம் சரியாக இருக்கிறது. ஊர்த் தொட்டிக்கு வந்து சேரும்போதோ கையளவுதான். நடுவில் உள்ளதெல்லாம் தேரிக்காடும் சில தென்னந்தோப்புகளும்.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது?

ஊரில் பலரும் சொன்ன பதில் ஒன்றுதான். மிக்கேல் விற்கிறார். கிளைக் குழாயின் வால்வைத் திறந்து மூடுகிறவர் அவர். ஐம்பது வயது இருக்கும். கடல் தொழிலில் தோளில் அடிபட்ட பிறகு இந்த வேலைக்கு வந்தவர். வால்வின் சாவி அவர் கையில். லாரியில் தண்ணீர் விற்கிற யாரோடோ சேர்ந்து நடுவழியில் குழாயில் துளை போட்டுவிட்டார் என்றும், வால்வையே அரைகுறையாகத்தான் திறக்கிறார் என்றும் பேச்சு. கோயில் கூட்டத்தில் எழுந்து இதை முதலில் சொன்னவர் அந்தோணி. படகு எஞ்சின் மெக்கானிக். மிக்கேலின் மனைவி ரோஸ்லினுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அதன்பிறகு ரோஸ்லின் தெருக்குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வருவாராம். அண்ணன் தங்கைக்குள் பேச்சு இல்லை. குடிநீர் அலுவலகமும் அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மிக்கேலிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது.

திருட்டுத் துளையைக் கண்டுபிடிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் அந்த அலுவலகத்தின் உதவிப் பொறியாளர், எல்லோருக்கும் ‘ஏ.இ. சார்’. சின்ன வயது, மரியாதையான பேச்சு. ஒரே சங்கடம், குழாய் மணலுக்கடியில் எப்படிப் போகிறது என்று மிக்கேலைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரே எங்களுக்கு வழிகாட்டி.

முதல் நாள் அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

“நான் முழுசாத்தான் தொறக்கேன் மேடம். கைப்பிடி இதுக்கு மேல சுத்தாதுங்குற வரைக்கும் தொறக்கேன். உள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்து உள்ளத சொல்லுங்க.”

அவர் நெருங்கி வந்து கெஞ்சியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் சொல்லிவிட்டுக் கடப்பாறையை அடிபடாத தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்று நாள் உடும்பு போய்ப் போய் வந்தது. குழாயைத் திறக்க வழியில் கட்டிவைத்த ஒவ்வொரு சேம்பர் தொட்டியிலும் ஒரு குழாய்த் துண்டைக் கழற்றி, உடும்பை இறக்கி, கேபிள் எட்டும்வரை அனுப்பினோம். துளை ஒன்றையும் காணோம். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஏ.இ. சார் என்னைப் பார்ப்பார், நான் இல்லையென்று தலையாட்டுவேன். மிக்கேல் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்ததால் ஊர்த் தொட்டியில் இருந்த கொஞ்சமும் தீர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பகலில்தான் அந்தச் சுவர்.

தூண்டில் முள்

பின்னால் எடுத்தால் வரவில்லை. முன்னால் கொஞ்சம் போனது. மறுபடி பின்னால் எடுத்தால் அதே இடத்தில் முட்டியது. பாய் கேபிளைப் பைய இழுத்துப் பார்த்தார். கேபிள் விறைத்ததே தவிர உடும்பு அசையவில்லை. இன்னும் இழுத்தால் கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போகும்போது அந்த இரும்பின் விளிம்பு முதுகுக் கையை மடக்கிவிட்டது. தாண்டியதும் ஸ்பிரிங் அதை நிமிர்த்திவிட்டது. இப்போது கை அந்தப் பக்கம், உடம்பு பாதி இந்தப் பக்கம். மடக்க மோட்டார் இல்லை.

பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மோட்டார் தகராறை அவர் நினைவுபடுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மிக்கேல் திரையை எட்டிப் பார்த்து, நான் விளக்கியதைக் கேட்டார். தூண்டில் முள் மீன் வாயில் ஏறின மாதிரி என்றார். அதைவிடச் சரியாக என்னால் ஒரு வகுப்பிலும் சொல்லியிருக்க முடியாது.

அந்தச் சுவர் என்ன என்றும் பாய்தான் கண்டுபிடித்தார். பதிவான படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இது வால்வுக்குள் இருக்கும் தகடு என்றார். வால்வின் கைப்பிடியைத் திருகினால் ஒரு தண்டு ஏறும், தண்டோடு இந்தத் தகடும் மேலே ஏறி வழிவிடும். தண்டுக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பு துருவில் அற்றுப்போனால் தகடு தானாகக் கீழே விழுந்துவிடும். வெளியே தண்டு திறந்த நிலையில் நிற்கும், உள்ளே வழி அடைந்திருக்கும்.

“ஆனா இங்கன வால்வே கெடையாதே,” என்றார் ஏ.இ. சார், வரைபடத்தை விரித்தபடி. காற்றில் அது படபடத்தது.

எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு வால்வு, எப்போதோ யாரோ வைத்தது, தேரி மணல் நகர்ந்து நகர்ந்து மூடிப்போனது, இருக்கிறது என்று பாய் சாதித்தார். இருந்தால் மிக்கேல் நிரபராதி. இல்லாவிட்டால் எங்கள் ரோபோவே குழாயை அடைத்துவிட்டது என்று ஊர் சொல்லும். இருட்டுவதற்குள் அதைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் குழாயை வெட்ட வேண்டியதுதான் என்றார் ஏ.இ. சார். வெட்டினால் இன்னும் இரண்டு மூன்று நாள் ஊருக்குத் தண்ணீர் கிடையாது.

கடப்பாறையும் காதும்

கேபிள் காட்டிய கணக்குப்படி சேம்பரிலிருந்து நூற்று எண்பது மீட்டர். நாடா பிடித்து அளந்து, மிக்கேலைக் கேட்காமலே இந்த இடம் என்று குச்சி நட்டேன். ஏ.இ. சாரின் ஆட்கள் நாலு பேர் தோண்டினார்கள். தேரி மணலைத் தோண்டுவது ஒரு வேடிக்கை. ஒரு கூடை எடுத்தால் ஓரத்திலிருந்து முக்கால் கூடை திரும்பிச் சரியும். ஆள் உயரக் குழியில் குழாயே இல்லை. கேபிள் உள்ளே வளைந்து நெளிந்து கிடந்ததையும், குழாய் நடுவில் திரும்பியிருக்கலாம் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரே நாளில் இரண்டாவது தப்பு. குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஒரே உடும்பு உள்ளே கிடக்கிறது. ஊர்த் தொட்டி காலி. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள்களில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க வந்து இறங்கினார்கள். அவர்களில் அந்தோணியும் இருந்தார். கட்டையான ஆள், கையில் கிரீஸ் கறை. மிக்கேலைப் பார்க்காமல் என்னிடம் வந்து விவரம் கேட்டார்.

நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மிக்கேல் குறுக்கே வந்தார்.

“மேடம், உள்ள கெடக்க மிசினு சத்தம் போடுமா?”

போடும் என்றேன். சக்கரத்தை முன்னும் பின்னும் ஓட்டினால் உறுமும்.

“ஓட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.”

கடப்பாறையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அவருடைய கடப்பாறை வழக்கத்தைவிட நீளம், கனமும் கம்மி. எங்கே கசிவு என்று தெரியாதபோது அதை மண்ணில் இறக்கி, குழாயில் முட்டவைத்து, மேல்நுனியில் காதை வைத்துக் கேட்பாராம். தண்ணீர் கசிகிற இடம் சீறுமாம். அவர் அப்படி எத்தனையோ கசிவுகளைப் பிடித்திருக்கிறார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள யாரும் கேட்கவுமில்லை.

ஓர் இடத்தில் இறக்கினார், மணல். இன்னொன்று, மணல். மூன்றாவதில் ‘ணங்’ என்றது. குனிந்து காதை வைத்தார். காற்றுச் சத்தத்தை மறைக்க மறு காதைக் கையால் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தள்ளிப் போனார். மறுபடி இறக்கினார். நான் விசையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ இடத்தில் அவர் காதை எடுக்கவேயில்லை. கையை மட்டும் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பிறகு நிமிர்ந்தார்.

“காலுக்கு அடியில கெடக்கு.”

நான் குச்சி நட்ட இடத்திலிருந்து அது முப்பதடிக்கு மேல் விலகியிருந்தது.

முதலில் மண்வெட்டியை எடுத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டதால் குழி வேகமாக இறங்கியது. சரிகிற மணலைத் தடுக்கப் பக்கத்துத் தோப்பிலிருந்து தென்னை மட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மண்வெட்டி கல்லில் இடித்தது. சிமெண்டுப் பலகை. நெம்பித் தூக்கினால் சதுரமான தொட்டி, உள்ளே பாதி மணல், மணலுக்கு நடுவில் துருப்பிடித்த ஒரு வால்வு. கைப்பிடி என்றைக்கோ போய்விட்டிருந்தது. தண்டு மட்டும் முழுக்கத் திறந்த நிலையில் நிமிர்ந்து நின்றது.

பாய் இறங்கிப் போய் அதன்மேல் கையை வைத்தார். அல்ஹம்துலில்லா என்று இறைவனுக்கு நன்றி சொன்னது எனக்குக் கேட்டது.

முப்பதாம் நம்பர் ஸ்பேனர்

வால்வின் மூடியைக் கழற்றினால்தான் தகட்டை மேலே எடுக்க முடியும். போல்ட்டுகள் துருவேறி நட்டுகளோடு இறுகிப்போயிருந்தன. எங்களிடம் இருந்த ஸ்பேனர்கள் உடும்புக்கு ஏற்றவை, விரல் அளவு. ஏ.இ. சாரின் ஆட்களிடம் இருந்த ஒன்று முதல் போல்ட்டிலேயே வழுக்கியது.

அந்தோணி சட்டென்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். அரை மணியில் ஒரு மினி லாரியில் திரும்பினார். படகு எஞ்சின் கழற்றும் பெரிய ஸ்பேனர்கள், ஒரு டப்பா டீசல், மூன்று நீளக் கம்பங்கள், படகு எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி எல்லாம் அதில் இருந்தன.

தொட்டி சின்னது. இரண்டு பேர்தான் இறங்க முடியும். பாய்க்கு முழங்கால் அவ்வளவாக மடங்காது. வால்வு வேலை தெரிந்தவர் என்று மிஞ்சியது மிக்கேல். ஸ்பேனர்காரர் அந்தோணி. மாதக்கணக்கில் பேசாத இரண்டு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உள்ளே உட்கார்ந்தார்கள்.

டீசல் ஊற்றி ஊறவிட்டார்கள். நான் மேலே விளிம்பில் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“மச்சான், அன்னைக்கிக் கூட்டத்துல நான் சொன்னது...”

“முப்பதாம் நம்பர எடு,” என்றார் மிக்கேல். “பொழுது சாயுது.”

அந்தோணி எடுத்துக் கொடுத்தார். ஒரு போல்ட் மட்டும் முறிந்தது, மற்றவை முனகிக்கொண்டே வந்தன. கம்பங்களை மூன்று காலாக நட்டு, கப்பியை மாட்டி, மூடியைத் தூக்கினார்கள். பிறகு தகட்டுக்குக் கொக்கி போட்டார்கள். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக ஏற ஏற, கறுத்துப்போன அந்த இரும்பு வெளியே வந்தது. தண்டைப் பிடித்திருக்க வேண்டிய காது போன்ற பகுதி தேய்ந்து அறுந்திருந்தது. அந்தப் பக்கத்தில் அத்தனை நாள் சேர்ந்த வேரும் சாக்குத் துண்டும் தாடி மாதிரி தொங்கின.

நான் ஓடிப்போய் மடிக்கணினி முன்னால் படுத்து விசையைப் பின்னால் இழுத்தேன். உடும்பு எந்தக் கோபமும் இல்லாமல் சமர்த்தாக வந்தது. வெளியே எடுத்துத் துடைத்தபோது முதுகுக் கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதைப் பாயிடம் நீட்டி, மோட்டாரை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் டீச்சர் என்றார்.

தகடு இல்லாமலே வால்வின் மூடியைத் திரும்ப மாட்டினார்கள். இனி அது வெறும் வழி. சேம்பரில் கழற்றிய குழாய்த் துண்டையும் பொருத்தியானதும் ஏ.இ. சார் மிக்கேலிடம் போனார். எல்லோர் முன்னாலும், நான் விசாரிக்காமல் முடிவு பண்ணிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். இந்த மாதிரி வார்த்தையை அலுவலக உடையில் இருக்கும் யாரும் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. மிக்கேல் கடப்பாறையை எடுத்துக்கொண்டார். போய்த் தண்ணியத் தொறக்கட்டுமா சார் என்று கேட்டார்.

ஒரு நிமிடம்

நாங்கள் ஊரிலேயே தங்கினோம். தண்ணீர் வந்து சேர்கிறதா என்று பார்க்காமல் கிளம்ப மனம் வரவில்லை. மிக்கேல் வீட்டில்தான் சாப்பாடு. ரோஸ்லின் கேட்காமலே மீனை இலையில் போட்டுக்கொண்டே இருந்தார். காலையில் அந்தோணி வாசலில் வந்து நின்றார். ரோஸ்லின் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அந்தோணி காப்பி ஆறும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மதியம் நெருங்கும்போது தொட்டியடிக்குப் போனோம். உயரமான தொட்டி. அடியில் ஒரு வால்வும் ஒரு வேப்பமரமும். மிக்கேல் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏ.இ. சாரும் வந்திருந்தார்.

திடீரென்று மேலே சலசலத்தது. தொட்டி நிறைந்து, விளிம்பை ஒட்டிய வழிகுழாயிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அத்தனை உயரத்திலிருந்து வெயிலில் விழுந்து, சிமெண்டுத் தரையில் அடித்து, எங்கள் கால் வரைக்கும் தெறித்தது. சத்தம் கேட்டுத் தெருவில் கதவுகள் திறந்தன. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சில பெண்கள் குடத்தை எடுக்காமல், கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்கள்.

மிக்கேலின் கை வால்வுச் சக்கரத்தின் மேல் இருந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் ஓடிப்போய் மூடுகிறவர் என்று ரோஸ்லின் சொல்லியிருந்தார். அவர் மூடவில்லை.

தண்ணி வீணாகிறதே, மூடலாமே என்றார் ஏ.இ. சார்.

மிக்கேல் அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார்.

“ஒரே ஒரு நிமிசம் போவட்டும் சார். ஊரு பாக்கட்டும்.”

ஏ.இ. சாரும் அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எல்லோரும் வந்தாயிற்றா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார் மிக்கேல். பிறகு குனிந்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பைய மூடினார்.